அப்பாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வங்கி மெயில். எது நிஜம்?

பொன்மலைப்பட்டி | நவம்பர் 12, 2025, காலை 9:40

வணக்கம். அப்பாவுக்கு வயது 68, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அம்மாவும் திருச்சியில், நான் பெங்களூரில். பென்ஷன் ஒரு வங்கிக் கணக்குக்கு வருகிறது. எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். ஒரே வாரத்தில் அந்த வங்கி பெயரில் அவருக்கு இரண்டு மெயில் வந்திருக்கிறது. அவருடைய மெயிலை நானும் பார்ப்பதுண்டு, அதனால் இரண்டையும் படித்துவிட்டேன்.

முதல் மெயில்: ஓய்வூதியப் பிரிவில் இருந்து. அப்பாவின் முழுப்பெயர் இனிஷியலோடு இருக்கிறது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் சரி. லைஃப் சர்டிபிகேட்டை நவம்பர் 30-க்குள் புதுப்பிக்காவிட்டால் டிசம்பர் பென்ஷன் நிற்கும், கீழே உள்ள பொத்தானை அழுத்தி நெட் பேங்கிங்கில் நுழைந்து உறுதி செய்யவும் என்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. கீழே தமிழிலும் ஒரு பத்தி, அதுவும் நல்ல தமிழ்.

இரண்டாவது மெயில்: 'டியர் கஸ்டமர்' என்று மொட்டையாக ஆரம்பிக்கிறது. படங்கள் பாதி திறக்கவில்லை. எங்கள் இணைய முகவரி மாறிவிட்டது, இனி புது முகவரிக்கு வாருங்கள் என்று ஒரு இணைப்பு. அதன் மேல் மவுஸை வைத்தால் வங்கியின் பெயரே இல்லாத ஒரு முழ நீள முகவரி தெரிகிறது.

இரண்டாவதுதான் போலி என்று நினைக்கிறேன். முதலாவதை அப்பா செய்தே ஆக வேண்டும், நவம்பர் ஆகிவிட்டதே. சரிதானா?

நேர்பட | காலை 9:52

இதில் என்ன சந்தேகம்? இரண்டாவது போலி. 'முகவரி மாறிவிட்டது' என்பதெல்லாம் பழைய டெக்னிக். வங்கிக்கு உங்கள் பெயர் தெரியும், 'டியர் கஸ்டமர்' என்று ஏன் எழுதப் போகிறது?

ரயிலடி ரவா தோசை | காலை 10:05

அதே. முதலாவது ஓகே. கடைசி நான்கு இலக்கம் வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

செல்லூர்க்காரி | காலை 10:11

எனக்கு முதலாவதுதான் உறுத்துகிறது. லைஃப் சர்டிபிகேட் கொடுக்க நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எதற்கு? அப்பா உயிரோடு இருக்கிறார் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதானே.

ஓய்வுபெற்ற கேஷியர் | காலை 10:48

செல்லூர்க்காரி அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். முப்பத்து மூன்று வருடம் கவுன்டரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான் லைஃப் சர்டிபிகேட் மாதம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கிளைக்கு நேரில் போகலாம். 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் முறை வழியாக ஆதார் கைரேகை வைக்கலாம். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்காக 2021-இல் இருந்து முகத்தைக் காட்டிச் செய்யும் வசதியும் இருக்கிறது. தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் செய்யலாம். இவை எதிலும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது.

திருடனுக்கு நவம்பர் மாதம் அறுவடைக் காலம். பென்ஷன் நிற்கும் என்று சொன்னால் பயப்படாத பெரியவர் உண்டா?

இரண்டாவது மெயிலைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். இந்திய வங்கிகள் எல்லாம் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி இந்த வருடம் உத்தரவு போட்டது. கெடு அக்டோபர் 31. நம் வங்கிகளின் முகவரி நிஜமாகவே மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது.

நேர்பட | காலை 10:55

வங்கியே இப்படிக் கண்றாவியாக மெயில் அனுப்புமா சார்?

ஓய்வுபெற்ற கேஷியர் | காலை 11:02

அனுப்பும்.

நள்ளிரவு நிர்வாகி | காலை 11:30

மெயில் சர்வர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. பொன்மலைப்பட்டி, முதலில் ஒரு கேள்வி: அப்பா எதையாவது அழுத்தினாரா? அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'அசலைக் காட்டு' என்பதை அழுத்துங்கள். போன் ஆப்பில் இது கிடையாது. மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும். இரண்டு மெயிலுக்கும் அவை என்ன சொல்கின்றன, அனுப்பியவர் முகவரியில் @ குறிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பொதுவில் போட வேண்டாம்.

பொன்மலைப்பட்டி | மதியம் 12:20

அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் போனில் கேட்டேன், எதையும் தொடவில்லை என்கிறார். இரண்டு மெயிலுக்கும் மூன்று வரியிலும் 'பாஸ்' என்றுதான் இருக்கிறது. அப்படியானால் இரண்டும் உண்மையா?

நள்ளிரவு நிர்வாகி | மதியம் 12:58

இல்லை. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உட்பட.

அந்த மூன்று சோதனைக்கும் ஒரே கேள்விதான்: மெயில் தன் முகவரியில் @ குறிக்குப் பிறகு உள்ள பெயரில் (அதுதான் டொமைன்) இருந்து நிஜமாகவே வந்ததா? அந்த டொமைன் யாருடையது என்று அது கேட்பதில்லை. திருடன் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, ஒழுங்காக எல்லாவற்றையும் அமைத்து அனுப்பினால் மூன்றிலும் பாஸ்தான். 2024 பிப்ரவரியில் இருந்து, மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு இவை கட்டாயம் என்று ஜிமெயிலும் யாஹூவும் சொல்லிவிட்டன. அதனால் திருடர்களும் ஒழுங்காகிவிட்டார்கள்!

உங்கள் முதல் மெயிலில் அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வங்கியின் பெயர். பெயர் என்பது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நிரப்பக்கூடிய கட்டம். உண்மையான முகவரி 'வங்கிபெயர்-பென்ஷன்சேவை டாட் காம்' என்ற மாதிரி ஒன்று. பதிவுத் தகவலைப் பார்த்தேன், அந்த டொமைன் பதிவாகியே ஒன்பது நாள்தான் ஆகிறது. எத்தனையோ வருடமாக இருக்கும் வங்கி, ஒன்பது நாள் முன்பு வாங்கிய டொமைனில் இருந்து பென்ஷனை நிறுத்துவேன் என்று எழுதாது.

இரண்டாவது மெயிலின் டிகேஐஎம் கையெழுத்து, அதாவது அனுப்பும் சர்வர் போடும் டிஜிட்டல் முத்திரை, வங்கியின் உண்மையான புது டொமைனில் போட்டது. கேஷியர் சார் சொன்ன அதே '.பேங்க்.இன்'. அந்த முழ நீள இணைப்பு, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காக மெயில் அனுப்பும் நிறுவனம் இடையில் செருகியது. ஆக இரண்டாவது நிஜம், முதலாவது போலி.

உண்மையான மெயில் திருட்டு மெயில் மாதிரியும், திருட்டு மெயில் வங்கி மெயில் மாதிரியும் இருக்கிறது. எங்கள் தொழிலில் இது தினசரிக் காட்சி.

ரயிலடி ரவா தோசை | மதியம் 1:06

அடப்பாவிகளா. காலையில் நான் 'முதலாவது ஓகே' என்று எழுதியிருக்கிறேன். அழித்துவிடலாமா?

மட்டுறுத்துநர் | மதியம் 1:10

அழிக்க வேண்டாம். இருக்கட்டும்.

கீழவாசல் | மதியம் 1:25

டொமைனை எப்படிப் படிப்பது என்று யாராவது எளிமையாகச் சொல்லுங்கள். எனக்கு எல்லாமே ஒரே மாதிரி தெரிகிறது.

நள்ளிரவு நிர்வாகி | மதியம் 1:50

நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டினால் வழியெல்லாம் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு தெரியும். கடை இருப்பது கும்பகோணத்திலா? போர்டில் எந்த ஊர்ப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். கடை எந்த ஊர் என்று தெரிய பில்லில் கடைசி வரியைப் பார்க்க வேண்டும்.

இணைய முகவரியும் அப்படித்தான். 'எச்டிடிபிஎஸ்' முடிந்து வரும் இரண்டு சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை பாருங்கள். அங்கே நின்று வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியாக வரும் 'டாட் காம்', அதற்கு ஒட்டி முன்னால் உள்ள சொல், இந்த இரண்டும்தான் உரிமையாளரைச் சொல்பவை. அதற்கு இடது பக்கம் இருப்பதெல்லாம் போர்டு. 'வங்கிபெயர் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் காம்' என்றால் கடைக்காரர் 'கேஒய்சி-அப்டேட்'. வங்கி இல்லை.

புது '.பேங்க்.இன்' வந்தபின் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'வங்கிபெயர்' என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, 'பேங்க்', இன்னொரு புள்ளி, 'இன்' என்று இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற ஒரே அமைப்புதான் அதைப் பதிவு செய்து கொடுக்கும், அதுவும் வங்கிகளுக்கு மட்டும். அந்த முதல் புள்ளி இல்லாமல் 'வங்கிபெயர்பேங்க்.இன்' என்று சேர்த்து எழுதியிருந்தால் அது யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய சாதாரண முகவரி. ஒரு புள்ளியில்தான் வித்தியாசம்.

பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பு என்று இன்னும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். இலவசச் சான்றிதழ் ஐந்து நிமிடத்தில் திருடனுக்கும் கிடைக்கும். குரோம் உலாவியே 2023-இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

வடமராட்சியான் | மதியம் 2:15

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று எங்கட ஆட்களும் சொல்லுவார்கள். அதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 2016 பெப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கில் இருந்து திருடர்கள் காசு எடுத்தார்கள். அதில் 2 கோடி டொலர் இலங்கையில் ஒரு அமைப்புக்குப் போக வேண்டியது. 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபண்டேஷன்' என்று பிழையாக எழுதியதால் இடையில் இருந்த ஜெர்மன் வங்கிக்குச் சந்தேகம் வந்து அந்தப் பணம் நின்றது. ஆனால் பிலிப்பைன்ஸ் போன 8 கோடியே 10 லட்சம் டொலரில் பிழை இல்லை, அது போயே விட்டது. அந்தத் திருட்டும் தொடங்கியது வங்கி ஊழியர்களுக்கு வேலை கேட்டு வந்த ஒரு மின்னஞ்சலில்தான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்னைவிட நல்ல தமிழ் எழுதுகிறது. பிழையை நம்பி இருக்க ஏலாது.

நேர்பட | மதியம் 2:30

எல்லாம் சரி. ஆனால் படித்தவர்களே ஓடிபியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வங்கியைத் திட்டுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஆசையும் அவசரமும்தான் காரணம்.

செல்லூர்க்காரி | மதியம் 3:05

நேர்பட சார், என் அம்மா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஆசைப்பட்டு ஏமாறவில்லை. போன வருடம் கேஒய்சி (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) முடியப்போகிறது என்று மெயில் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கிளையில் 'கேஒய்சி புதுப்பிக்கணும், மெசேஜ் வரும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்ன மாதிரியே வந்தது என்று அம்மா நம்பினார். பக்கம் அச்சு அசலாக வங்கிப் பக்கம். பாஸ்வேர்டு போட்டார், ஓடிபி போட்டார். 'நன்றி, உங்கள் கேஒய்சி புதுப்பிக்கப்பட்டது' என்று வந்ததாம். 86,000 ரூபாய் போய்விட்டது.

எனக்குத் தெரிந்தது நான்கு மணி நேரம் கழித்து. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தோம். பணம் மூன்று கணக்குக்குச் சிதறியிருந்தது. ஒன்றில் மட்டும் 31,000 நிறுத்தி வைக்கப்பட்டது. அதை வாங்கவே நீதிமன்ற உத்தரவு வரை அலைய வேண்டியிருந்தது. மிச்சத்துக்கு வங்கி கைவிரித்துவிட்டது.

அம்மா இன்றுவரை தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு நீங்கள் வேறு வேண்டுமா?

நேர்பட | மதியம் 3:20

மன்னிக்கவும் அக்கா. அப்படி நினைத்து எழுதவில்லை.

ஓய்வுபெற்ற கேஷியர் | மதியம் 3:41

வங்கி கைவிரித்ததன் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. தவறு வங்கியிலும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் தலையில். அந்த 'தெரிவித்த நேரம்' அத்தனை முக்கியம். கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தி இல்லை என்றாலோ, 30 நாளாகியும் பதிலே வரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாகவே போகலாம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். மெயிலில் இணைப்பை அழுத்தாதே என்று ஒரு பக்கம் போஸ்டர் ஒட்டிவிட்டு, அதே வாரம் இணைப்போடு மெயில் அனுப்புவது எங்கள் ஆட்கள்தான்.

ஈசூன் அண்ணாச்சி | மாலை 4:10

சிங்கப்பூரில் அதை நிறுத்திவிட்டார்கள். 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலி எஸ்எம்எஸ் வந்து 790 பேர் ஏமாந்தார்கள், 1 கோடியே 37 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. போலி எஸ்எம்எஸ், உண்மையான வங்கி எஸ்எம்எஸ் இருந்த அதே வரிசையில் போய் உட்கார்ந்ததுதான் கொடுமை. அடுத்த மாதமே மத்திய வங்கி உத்தரவு: வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் அழுத்தக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது. புது போனில் டிஜிட்டல் டோக்கன் (ஓடிபிக்குப் பதிலாக ஆப்பிலேயே உறுதி செய்யும் வசதி) போட்டால் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யும்.

அதனால் என் மனைவிக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வங்கி மெயிலில் இணைப்பு இருந்தால் அது வங்கி இல்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அங்கே அந்த வசதி இல்லை.

செல்லூர்க்காரி | மாலை 4:22

அதேதான் நான் நிர்வாகி தம்பிக்குச் சொல்ல நினைத்தது. டிகேஐஎம், டிமார்க் எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் அம்மா போனில் அதைப் பார்க்கவே முடியாது என்று நீங்களே சொல்கிறீர்கள். மெயில் உண்மையா போலியா என்று கண்டுபிடிக்கும் வேலையை அவர் எதற்குச் செய்ய வேண்டும்? உண்மையாகவே இருந்தாலும் அந்த மெயில் வழியாகப் போகாமல், வங்கி ஆப்பைத் திறந்து பார்த்தால் போதாதா? கேஒய்சி பாக்கி என்றால் ஆப்பில் தெரியும், கிளையில் சொல்வார்கள்.

நள்ளிரவு நிர்வாகி | மாலை 4:40

போதும் அக்கா. அந்த மூன்று வரியைச் சோதிப்பது என் மாதிரி ஆட்களுக்கு. வேண்டுமானால் ஒன்று செய்யலாம், பாஸ்வேர்டு மேலாளர் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். அது முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்க்கும், லோகோவைப் பார்த்து மயங்காது. வழக்கமாகத் தானே நிரப்பும் பாஸ்வேர்டை அது நிரப்பவில்லை என்றால் அங்கேயே நிற்கலாம்.

பொன்மலைப்பட்டி எங்கே? சத்தத்தையே காணோம்.

பொன்மலைப்பட்டி | மாலை 5:35

கொஞ்சம் பதற்றமாக இருக்கிறேன். அக்கா கதையைப் படித்ததும் ஏதோ தோன்றி என் எஸ்எம்எஸ்களைப் பார்த்தேன். அப்பாவின் கணக்கில் என் எண்தான் பதிவாகியிருக்கிறது. நேற்று மதியம் 2:17-க்கு ஒரு ஓடிபி. மீட்டிங்கில் இருந்ததால் கவனிக்கவில்லை. இப்போது முழுசாகப் படித்தால் 'புதிய பயனாளியைச் சேர்க்க' என்று இருக்கிறது, அதாவது பணம் அனுப்ப ஒரு புதுக் கணக்கைச் சேர்க்க. அதே நேரத்தில் அப்பாவிடம் இருந்து இரண்டு மிஸ்டு கால்.

மறுபடி கேட்டேன். முதல் மெயிலின் பொத்தானை அழுத்தி யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் போட்டிருக்கிறார். ஓடிபி கேட்டதாம், அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாராம். காலையில் ஏன் சொல்லவில்லை என்றால், 'நீ திட்டுவாய் என்றுதான்' என்கிறார்.

நள்ளிரவு நிர்வாகி | மாலை 5:38

திட்டுவது அப்புறம். மெயிலில் உள்ள எதையும் தொடாமல், வங்கி ஆப்பிலோ நீங்களே தட்டிய முகவரியிலோ போய் இப்போதே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பயனாளிகள் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா, மொபைல் எண்ணோ மெயில் முகவரியோ மாறியிருக்கிறதா பாருங்கள். அதே பாஸ்வேர்டை ஜிமெயிலுக்கும் வைத்திருக்கிறாரா?

பொன்மலைப்பட்டி | மாலை 5:40

அதேதான் வைத்திருக்கிறார்.

நள்ளிரவு நிர்வாகி | மாலை 5:41

அதையும் மாற்றுங்கள். முதலில் வங்கி.

ஓய்வுபெற்ற கேஷியர் | மாலை 5:50

கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு அழைத்து நெட் பேங்கிங்கை முடக்கச் சொல்லுங்கள் தம்பி. புகார் எண் வாங்குங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. இனிமேல்தான் வங்கியில் இருந்து பேசுகிறோம் என்று போன் வரும், எச்சரிக்கை. பாஸ்வேர்டு திருடன் கையில் இருக்கிறது, ஓடிபி மட்டும்தான் பாக்கி. வங்கிகள் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இந்த வருடம் ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சாதாரண பத்து இலக்க மொபைல் எண் என்றால் பேச்சையே வளர்க்க வேண்டாம்.

பொன்மலைப்பட்டி | இரவு 8:15

பணம் போகவில்லை. பயனாளி யாரும் சேரவில்லை. பாஸ்வேர்டுகளை மாற்றியாகிவிட்டது. நெட் பேங்கிங் இப்போதைக்கு முடக்கம், புகார் எண்ணும் கையில். சைபர் கிரைம் தளத்தில் அந்த மெயிலைப் பற்றிப் பதிந்தேன்.

கேஷியர் சார் சொன்ன போன் இன்று காலை 11 மணிக்கே வந்திருக்கிறது! மொபைல் எண். ஓடிபி கேட்டிருக்கிறார்கள். அப்பா, 'அது பையன் போனுக்குப் போகும், அவன் ஆபீஸில் இருப்பான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்க சார்' என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். ஆறு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டான். அப்போது அம்மா எடுத்தார். என்ன பேசினார் என்று இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார்.

பொன்மலைப்பட்டி | நவம்பர் 14, காலை 11:20

அப்பா இன்று கிளைக்குப் போய் லைஃப் சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். பத்து நிமிட வேலை. இரண்டாவது மெயில் அவர்கள் அனுப்பியதுதான் என்று அங்கே உள்ள அலுவலர் சொன்னாராம். அப்பா நம்பவில்லை. புது முகவரியை அவரிடமே ஒரு செலானின் பின்னால் எழுதி, முத்திரை குத்தி வாங்கி வந்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற கேஷியர் | காலை 11:32

முத்திரை குத்தினாரா! அந்த அலுவலர் நல்ல மனிதர்.

கீழவாசல் | காலை 11:50

என் மாமியாருக்கு இன்று கரண்ட் பில் கட்டவில்லை, இரவு ஒன்பதரைக்கு லைனைத் துண்டிப்போம் என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. கீழே ஒரு மொபைல் எண். இதுவும்...?

மட்டுறுத்துநர் | காலை 11:54

அதுவும்தான். எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று மாமியாரிடம் இப்போதே சொல்லிவிட்டு வாருங்கள், அதற்குத் தனி இழை திறக்கலாம்.